முதல் வள்ளம்

ஜூன் 4

சறுக்கை இன்று திறந்துவிட்டார்கள். பங்குத்தந்தை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். துறைமுகக் கமிட்டித் தலைவர் கிறிஸ்துராசன் மைக்கைப் பிடித்து, "இதுக்கு மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். அலைக்கு நாம ஒரு சாயா கூட வாங்கிக் குடுக்க வேண்டாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வாயைத் திறந்ததும் நாற்றம் உள்ளே போயிற்று. உடனே மூடிக்கொண்டார்கள்.

நாற்றத்தின் கதை நீளமானது. இரண்டாவது கல்சுவர் கட்டிய பிறகு எங்கள் முத்தன்துறையில் ஆனி ஆடி அலைக்கு ஒரு வள்ளம்கூட உடையவில்லை. கடல் வெளியே எவ்வளவு ஆடினாலும் உள்ளே தண்ணீர் தூங்கும். தூங்கித் தூங்கிச் செத்துப்போயிற்று. குழம்புச் சட்டியைக் கரண்டியால் எவ்வளவு கிண்டினாலும், கரண்டி எட்டாத ஓர் ஓரம் அடிப்பிடித்துக் கருகும் அல்லவா? எங்கள் துறைமுகத்தின் வடக்கு மூலை அப்படிப்பட்ட ஓரம். மீன் கழிவு, டீசல், ஐஸ் உருகிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் தங்கும். மீன் ஏலக்கூடமும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குத்தான் இந்தச் சறுக்கு. மேற்குச் சுவரின் வெளிப்புறம் சரிவாக ஒரு கான்கிரீட் தளம். அலை அதில் ஓடி ஏறி, உச்சியைத் தாண்டி, பின்னால் உள்ள தொட்டியில் விழும். பால் பொங்கும்போது பாத்திரத்துக்குக் கீழே தட்டு வைத்துப் பிடிப்பதுபோலத்தான். தொட்டி உயரத்தில் இருப்பதால், அதில் விழுந்த நல்ல தண்ணீர் குழாய் வழியாகத் தானே இறங்கி வடக்கு மூலைக்கு வரும். வந்து, பழைய தண்ணீரை வாசல் பக்கமாகத் தள்ளும்.

ஆகஸ்ட் பிறந்ததும் ஓர் அதிகாரி வந்து ஏலக்கூடத்துப் படியில் தண்ணீர் எடுத்துப் பார்ப்பாராம். இப்போது இருப்பதுபோலவே இருந்தால் கூடத்துக்குப் பூட்டு. பிறகு மீன்காரிகள் எல்லாரும் விடியுமுன் பஸ் ஏறி வேறு துறைமுகத்துக்குப் போக வேண்டும். என் அண்ணன் மனைவி மதலேனாளும் அவர்களில் ஒருத்தி. அண்ணன் போன பிறகு அவளுக்கு அந்தக் கூடம்தான் எல்லாம்.

"அலைய நம்பி பொழைச்ச ஊருதானே டீச்சரே, இதையும் நம்புவோம்" என்றாள் மதலேனாள், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு.

ஜூன் 6

இரவெல்லாம் மழை. காலையில் என் மகன் ஜெரினின் வள்ளத்தில் தண்ணீர் இறைத்தேன். வடக்கு மூலையில், சுவரை ஒட்டி முதலாவதாகக் கட்டிக் கிடப்பது அவன் வள்ளம். அதன் விலாவோடு அடுத்தது, அதன் விலாவோடு அதற்கடுத்தது என்று வரிசை நீளும். விசைப்படகுகளுக்கு அரசாங்கம் தடைக்காலம் போடுகிறது. எங்கள் வள்ளங்களுக்கு இந்த மாதங்களில் கடலே தடை போட்டுவிடும். அதனால் எல்லாம் உள்ளேதான்.

ஜெரின் வளைகுடாவில் ஓர் அரபிக்காரரின் படகை ஓட்டும் ஸ்ராங்காக இருக்கிறான். மூன்றாவது ஆண்டு நடக்கிறது. அவன் வரும்போது வள்ளம் வள்ளமாக இருக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிட்டிருந்தது.

அண்ணன் மகன் றெஜி எங்கிருந்தோ வந்தான். பேசாமல் வாளியை என் கையிலிருந்து வாங்கி மீதியை இறைத்தான். அவனுக்குச் சொந்த வள்ளம் கிடையாது. யார் கூப்பிட்டாலும் கூலிக்குப் போகிறவன்.

ஜூன் 9

சறுக்கைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் தேன்மொழி என் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண். கடலைப் படித்தவள், ஆனால் மீன் வாசனைக்கு முகம் சுளிப்பாள். நேற்று நெத்திலியைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"எண்ணிப் பாக்குறியா பிள்ள?" என்றேன்.

"இல்லீங்க டீச்சர். எல்லாம் என்னையே பாக்குற மாதிரி இருக்கு."

நாளைக்கு அவளுக்குக் கத்தரிக்காய்.

ஜூன் 14

தேன்மொழி காலையும் மாலையும் ஒரு கம்பியில் கருவியைக் கட்டி மூலைத் தண்ணீரில் இறக்குகிறாள். தண்ணீருக்குள் மீன் மூச்சுவிடும் காற்று எவ்வளவு என்று அது சொல்லும். சறுக்கில் அலை நன்றாகவே ஏறுகிறது. வீட்டிலிருந்தே சத்தம் கேட்கிறது. தொட்டி நிறைகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் ஏலக்கூடத்துப் படியில் மட்டும் காற்றே இல்லை என்கிறது கருவி.

இன்றும் ஜெரின் கூப்பிடவில்லை. அங்கே இது கடுமையான வெயில் காலம். வேலை முடிந்ததும் தூங்கிவிடுவான்.

ஜூன் 15

ரேஷன் கடை. பாமாயில் இல்லை.

ஜூன் 18

ஏலக்கூடத்தில் கூட்டம். பெண்கள்தான் அதிகம். கிறிஸ்துராசன் உள்ளே நுழைந்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

"சறுக்காம் சறுக்கு! பிள்ளைய வெளையாட விடும். அதுக்காவது ஆவும்."

"தலைவரே, ஒம்ம வீட்டு கக்கூஸ் இதவிட மணக்குமே ஓய்!"

"எனக்க வீட்டு கக்கூஸ்ல நீ எப்ப வந்து பாத்த?" என்றார் அவர். கூட்டம் கலகலத்தது. அதற்குப் பிறகு யாரோ ஒருவர், கிழக்குச் சுவரில் ஒரு வாய் உடைத்துவிட்டால் தண்ணீர் தானே ஓடும் என்றார். சுவரில் வாய் வைத்தால் ஆடி அலையும் அந்த வழியே உள்ளே வரும். சுவர் இல்லாத காலத்தில் ஒரே காலையில் எத்தனை வள்ளங்கள் ஒன்றோடொன்று மோதிப் பிளந்தன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சிலர் தலையசைத்தார்கள். வயிற்றுப்பாடு வந்தால் மனிதர்கள் சுவரையும் உடைக்க நினைப்பார்கள்.

தேன்மொழி எழுந்தாள். "தண்ணி உள்ள வருதுங்க. எங்கேயோ வழி மாறிப் போகுது. எங்கேன்னு கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க."

"ஆகஸ்ட் வரைக்கும் கடலுக்கு டைம் இருக்கு, எங்க வயித்துக்கு இல்ல மேடம்" என்றாள் மதலேனாள். அவள் விரல் இடுக்குகளில் தோல் வெந்து சிவந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். இந்த மாதங்களில் லாரியில் வரும் வெளியூர் மீனையும் அந்தத் தண்ணீரில்தான் அலசுகிறார்கள். ஏலத்துக்கு முன் ஒரு தடவை கடல் தண்ணீரில் அலசினால்தான் மீனுக்கு மினுக்கு வரும் என்று ஒரு பழக்கம். பைப்புத் தண்ணீரில் அலசச் சொன்னால், "பைப்புத் தண்ணி பட்ட மீனு செத்த மீனு மாதிரி தெரியும்" என்பார்கள்.

ஜூன் 22

இன்று சாயம் விட்டார்கள். தொட்டியில் ஒரு பொடியைக் கரைத்தாள் தேன்மொழி. யாருக்கும் கெடுதல் இல்லாத பொடியாம். ஊரே சுவர்மேல் ஏறி நின்றது. கொஞ்ச நேரத்தில் குழாய்வாயிலிருந்து பச்சை கிளம்பியது. வாழைக்குருத்துப் பச்சை. "ஏ யப்பா!" என்று ஒரே சத்தம்.

பச்சை முன்னால் வந்தது. வள்ளங்களின் வரிசை அங்கே ஒரு வேலிபோல நிற்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் குழாய்வாய், அந்தப் பக்கம் ஏலக்கூடம். மூலையில் ஆழம் கிடையாது. வள்ளங்களின் அடி சேற்றை ஒட்டியே கிடக்கும். பச்சை வந்து முதல் வள்ளத்தின் வயிற்றில் முட்டியது. சற்று நின்றது. பிறகு திரும்பி, சுவரோரமாகவே ஓடி, குறுக்குவழியில் துறைமுக வாசலை அடைந்து வெளியே போய்விட்டது. ஏலக்கூடத்துப் பக்கம் ஒரு துளி போகவில்லை.

நீரோட்டம் சோம்பேறி. எளிய வழி இருந்தால் கடினமான வழியில் போகாது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலை விட்டு வேலிப் பொந்தில் நுழைந்து ஓடுவதுபோல.

மாலையில் மழை தூறியது. துணியை உள்ளே எடுத்துப் போட்டேன். ஒரு பாவாடை பாதி காய்ந்திருந்தது.

ஜூன் 23

தேன்மொழி எதையோ கேட்க வந்து, கேட்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 26

கமிட்டி அறை. பெண்கள் சார்பில் நானும் அதில் உறுப்பினர். தேன்மொழி படம் வரைந்து காட்டினாள். முதல் வள்ளத்தை எடுத்துவிட்டு, மற்ற வள்ளங்களைச் சுவரோடு சேர்த்து நீளவாக்கில் திருப்பிக் கட்டினால் போதுமாம். தண்ணீர் நேரே கூடத்துப் படிக்கு வந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசலுக்குப் போகும்.

"அந்த முதல் வள்ளம் யாரோடதுங்க?"

கிறிஸ்துராசன் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. பொருளாளர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் அளவெடுக்க வந்தது ஜனவரியில. அப்ப மத்த வள்ளமெல்லாம் கடல்ல இருந்துச்சு. மூலையில அது ஒண்ணுதான் கெடந்துச்சு. அப்பவே கேட்டேன். 'அதப் பாத்துக்கலாம்'னு சொன்னீங்க தலைவரே."

"சொன்னேன் மேடம்" என்றார் கிறிஸ்துராசன். "பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

அவளுக்கு இங்குள்ள வழக்கம் தெரியாது. துறைமுகம் கட்டிய புதிதில் வள்ளம் கட்டும் இடத்துக்காகக் கத்திக்குத்துவரை போனது. அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம். அந்த வீட்டு வள்ளம் அங்கே மிதக்கும்வரை இடம் அவர்களுடையது. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் சரி. வள்ளத்தின் கரைக்கயிற்றை அந்த வீட்டுக் கை மட்டும்தான் அவிழ்க்கலாம், வேறு யார் தொட்டாலும் குற்றம். ஆனால் ஒரு தடவை அவிழ்த்து இடத்தை விட்டுவிட்டால், அது ஊருக்குப் பொது. திரும்பக் கேட்க முடியாது.

நான் வேறு வழிகள் சொன்னேன். குழாயை நீட்டி வரிசைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகலாமே என்றேன்.

"நீளம் கூடக் கூட வேகம் செத்துடும் டீச்சர். தொட்டிக்கும் துறைமுகத்துக்கும் நடுவுல உயர வித்தியாசம் இவ்வளவுதான்" என்று முழங்கைவரை காட்டினாள். "அந்த உயரத்தை வெச்சுதான் எல்லாமே."

உண்மைதான். கிணற்றடியில் தொட்டியிலிருந்து தென்னைக்கு நீளமான ஓஸ் போட்டால் நுனியில் சொட்டுத்தான் வரும். நானே எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்.

குழாயை வளைக்கலாமா என்றும் கேட்டேன். வளைத்தாலும் அப்படித்தானாம்.

ஜூன் 29

விசித்திரம்தான். கடல் தன் முழு பலத்தையும் அனுப்புவது இந்த இரண்டு மாதங்களில். வள்ளங்கள் அத்தனையும் உள்ளே அடைந்து வழியை மறிப்பதும் இதே இரண்டு மாதங்களில். ஆகஸ்டில் வள்ளங்கள் வெளியேறிவிடும். ஆனால் அப்போது அலையும் இளைத்துவிடும்.

அவ்வளவு வள்ளங்கள் வெளியேறினாலும் மூலையில் ஒன்று கிடக்கும் என்று தேன்மொழி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அலமாரியை ஒதுக்கி வைத்தேன். ஜெரினின் சட்டைகளை வெயிலில் போட்டேன். அவன் வரும்போது இவை அளவு பத்தாமல் போகலாம்.

ஜூலை 2

மதலேனாள் வந்தாள். உட்காரவில்லை. வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"டீச்சரே, எனக்கு ஒன்ன மாதிரி வளச்சிப் பேசத் தெரியாது. ஒனக்க பையனுக்க வள்ளம் அங்க கெடக்கு. ஊரே ஒனக்கு வேண்டி மூக்கப் பொத்திக்கிட்டு இருக்கு. ஒரு வார்த்த யாராச்சும் சொன்னாவளா?"

"அவன் வரும்போது இடம் வேண்டாமா மதினி?"

"வாறானா?"

நான் சாயா போட எழுந்தேன்.

"சாயா வேண்டாம். வாறானான்னு கேட்டேன்."

"கிறிஸ்மஸுக்கு வாறதா சொல்லியிருக்கான்."

"எந்த கிறிஸ்மஸு?" என்றாள். பிறகு அவளே குரலைத் தாழ்த்தினாள். "கூடம் பூட்டிட்டாவன்னா நான் இருட்டோட பஸ்ஸு ஏறணும். ஏறிடுவேன். இந்தச் சவத்துப் பஸ்ஸுக்கு எனக்கு ஒண்ணும் பயமில்ல. ஆனா அங்க போனா நாங்க வரத்துக்காரிய. எடம் தரமாட்டாளுவ. இங்க எனக்கு எடம் இருக்கு, கேட்டியா? எனக்கும் ஒரு எடம் இருக்கு."

போய்விட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்திருந்தது.

ஜூலை 3

ஜெரினுக்குக் குரல்செய்தி அனுப்பினேன். வள்ளத்தை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது, உன் சம்மதம் வேண்டும் என்றேன். சறுக்கைப் பற்றி, குழாயைப் பற்றி, தண்ணீர் எப்படிச் சுற்றும் என்பது பற்றி எல்லாம் விளக்கினேன். நீளமாகப் போய்விட்டது. கேட்டுப் பார்த்து அழித்துவிட்டு, சுருக்கமாக இன்னொன்று அனுப்பினேன்.

ஜூலை 4

இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. கேட்டுவிட்டான். யோசிக்கிறான் போல.

ஜூலை 5

யோசிக்கட்டும். அவசரப்படுத்தக் கூடாது. சொந்த இடத்தை விடுவது சின்னக் காரியமா?

ஜூலை 6

மத்தியானம் கூப்பிட்டான். நன்றாகத்தான் பேசினான். சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். நானே தொடங்கினேன்.

"வள்ளத்தப் பத்திச் சொன்னேனே மக்கா."

"எந்த வள்ளம்?"

"நம்ம வள்ளம்."

"ஓ! எம்மா, அது இன்னுமா கெடக்கு? நான் றெஜிக்கிட்ட எப்பவோ சொன்னேனே, எடுத்துக்கிட்டுப் போலேன்னு. அவன் ஓட்டிக்கிட்டு இருப்பான்னுல்லா நெனச்சேன்."

"நீ வந்தா எதுல போவ?"

"கடலுக்கா?" சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "கடல விட்டு நாளாச்சும்மா. நான் இப்ப ஒரு கோல்டு ஸ்டோரேஜ்ல நிக்கேன். வெளிய வெயிலு கொல்லும், நான் உள்ள ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கேன். சொன்னா சிரிப்ப. இங்கயே தங்க பேப்பரெல்லாம் சரியாயிட்டு. ஒனக்கிட்ட சொல்லணும் சொல்லணும்னுதான்..."

நல்லது மக்கா, உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். இணைப்பு தெளிவாக இருந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அலைச்சத்தம் இல்லை. இத்தனை நாளாக நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அரிசி களைந்து உலையில் போட்டேன். தேன்மொழிக்கும் சேர்த்து.

ஜூலை 7

றெஜியைப் பலசரக்குக் கடை முன்னால் பிடித்தேன்.

"ஜெரின் ஒனக்கு வள்ளத்த எடுத்துக்கச் சொன்னானாலே?"

அவன் காலால் மண்ணைத் தள்ளினான். "சொன்னான் மாமி."

"அப்ப ஏன் எடுக்கல? கூலிக்கு அலையியே!"

"மழ பேஞ்சா நீங்க காலையிலயே வந்து தண்ணி இறைக்கியள். எப்பிடி மாமி எடுக்க?"

"அம்மைக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

உப்பு வாங்கப் போனேன். உப்பு வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 9

நாளை போய் அவிழ்த்துவிட வேண்டும்.

ஜூலை 10

மழை. நாளை.

ஜூலை 11

வெயில்தான். ஆனால் மிளகாய் காயப்போட வேண்டியிருந்தது. காக்கை வராமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் கூடத்துப் பக்கம் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். சறுக்கில் அலை ஏறி விழும் சத்தம் நெஞ்சுக்குள் விழுவதுபோல இருந்தது. அவ்வளவு தண்ணீர் இரவும் பகலும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வந்து, ஒரு வள்ளத்தில் முட்டி, திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

தேன்மொழி மாடிப்படியில் எதிர்ப்பட்டாள். "டீச்சர், வேற ஏதாவது டிசைன் பண்ண முடியுமான்னு ராத்திரியெல்லாம் பாத்தேன்" என்றாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. இவளும் எனக்காக மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பவள்தான்.

ஜூலை 13

மதலேனாளுக்குக் காய்ச்சல். கை மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் விரலைக் கீறிச் சீழ் எடுத்தார். எந்தத் தண்ணீரில் கை வைத்தாய் என்று கேட்டார்.

"கடல் தண்ணியில" என்றாள்.

"கடல் தண்ணி இப்படிச் செய்யாதேம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க ஊருல கொஞ்சம் கட்டிக் கெடக்கு டாக்டரே. அது சரியாயிரும்."

இப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜூலை 14

இன்று அவிழ்த்தேன்.

காலைப் பூசை முடிந்ததும் கிறிஸ்துராசனிடம் சொன்னேன். அவர் உடனே ஆள் அனுப்பினார். அரை மணியில் மூலை நிறைந்துவிட்டது. அலை நன்றாக அடித்தது. சறுக்கின் உச்சியில் வெள்ளை வெள்ளையாக எழும்பித் தொட்டிக்குள் இடிந்து விழுந்தது.

கயிறு சுவரில் உள்ள இரும்பு வளையத்தில் இருந்தது. உப்பும் வெயிலும் ஏறி முடிச்சு கல்லாகிவிட்டிருந்தது. நகத்தை வைத்துப் பார்த்தேன், பிறகு திருப்புளியை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஒருவர் உதவிக்குக் குனிந்தார்.

"தொடாதிலே! அந்த வீட்டுக் கைதான்" என்று கிறிஸ்துராசன் அதட்டினார். பிறகு என்னிடம் மெதுவாக, "டீச்சரே, நேரம் எடுத்துக்கிடுங்க. யாருக்கும் அவசரம் இல்ல" என்றார்.

அவ்வளவு பேருக்கும் அவசரம்தான். கடல் இளைத்துக்கொண்டு வருகிறது. எத்தனை நாள் அலை மிச்சமிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நின்றார்கள். பள்ளியில் எழுத வராத பிள்ளை கரும்பலகை முன்னால் நிற்கும்போது வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டு இருக்குமே, அப்படி.

மதலேனாள் கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தாள். இடுப்பிலிருந்த மீன் கத்தியை இடது கையால் எடுத்து நீட்டினாள். "அவிழ்க்கணும்னுதான் சட்டமா? அறுத்தாலும் ஒனக்க கைதானே."

அறுத்தேன். கயிறு தடிமனானது, நேரம் எடுத்தது. கடைசி இழை தானே விட்டது.

"லேய் றெஜி, ஏறுலே!" என்றேன். என் குரல் வகுப்பறைக் குரலாக வந்தது. அவன் தயங்கினான். "ஏறுன்னு சொன்னேன். இனி இது ஒனக்க வள்ளம். ஓட்ட ஒடசல் எல்லாம் நீ பாத்துக்க."

அவன் ஏறிக் கழியை ஊன்றினான். வள்ளம் சேற்றை விட்டுக் கிளம்பியபோது ஒரு சத்தம் வந்தது. ஒட்டிக்கிடந்த பாசியும் சிப்பியுமாக அடியிலிருந்து கரேலென்று ஏதேதோ கிளம்ப, நாற்றம் எழுந்து வந்து எல்லாரையும் அடித்தது. ஒருவரும் மூக்கை மூடவில்லை. அதற்குப் பிறகு மற்ற வள்ளங்கள். பந்தி எழுந்த கல்யாண வீடு போல ஒரே கூச்சல். "ஒனக்க மூக்கத் திருப்புலே!" "எனக்க மூக்கா வள்ளத்துக்க மூக்கா?" "ரெண்டும் கோணல்தானே, எதையாவது திருப்பு!"

தேன்மொழி கூடத்துப் படியில் மண்டியிட்டு, கருவியை விட்டுவிட்டு வெறும் கையைத் தண்ணீரில் வைத்திருந்தாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு "வருதுங்க" என்றாள். "டீச்சர், குளிர்ச்சியா வருது!"

நான் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரு விட்டிருந்தது. அதில் தொங்கிய முடிச்சு ஜெரின் போட்டது. அதை எடுத்துக்கொண்டு வர நினைத்தேன். கழற்ற வரவில்லை. அங்கேயே இருக்கிறது.

ஜூலை 15

தூங்கினேன்.

ஜூலை 21

படியில், தண்ணீருக்கு அடியில், மூன்றாவது கல் தெரிகிறது. அப்படியொரு கல் இருப்பதே எனக்கு நினைவில்லை. மத்தியானம் ஒரு கூட்டம் பொடிமீன் உள்ளே வந்து, ஏலக்கூடத்து நிழலில் வட்டமடித்துவிட்டுத் திரும்பியது. பெண்கள் எட்டிப் பார்த்து, "வழி தெரியாம வந்துட்டு, பாவம்" என்றார்கள்.

நாற்றம் போய்விடவில்லை. காலையில் குறைவு, மாலையில் இருக்கிறது. தேன்மொழி நெத்திலி இரண்டு தின்றாள்.

ஜூலை 28

அலை இறங்கிவிட்டது. சறுக்கில் பாதி அலைகள் உச்சியைத் தாண்டாமலே திரும்பிவிடுகின்றன. தேன்மொழி நகத்தைக் கடிக்கிறாள். நானும் காலையில் எழுந்ததும் முதலில் சத்தத்தைத்தான் கேட்கிறேன். வருகிறதா, வரவில்லையா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே பல் விளக்குகிறேன்.

ஆகஸ்ட் 1

அதிகாரி வந்து படியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மதலேனாள் அவருக்கு மோர் கொடுத்தாள். மோரையும் அதே போலத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

ஆகஸ்ட் 7

தண்ணீர் தேறிவிட்டது. நல்ல மதிப்பெண் இல்லை, தேர்ச்சி மட்டும். ஏலக்கூடம் இருக்கும். அடுத்த ஆனியில் மறுபடி பார்ப்பார்களாம். அலசுவதற்குக் கூடத்துக்குள்ளேயே தொட்டித் தண்ணீரை ஒரு சின்னக் குழாயில் கொண்டுவரலாம், அதுவும் கடல் தண்ணீர்தான், மீன் மினுங்கும் என்று தேன்மொழி சொல்ல, பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். மதலேனாளின் கை ஆறி வருகிறது. சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் இடம் வாசித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சமயத்தில் எந்த இடம் எந்த வீட்டுக்கு என்று கிறிஸ்துராசன் உரக்க வாசிப்பார், அந்தந்த வீட்டார் "உண்டு" என்பார்கள். போன ஆண்டு நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வடக்கு மூலை வந்தது. முதல் இடம். கிறிஸ்துராசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது பொதுவாகிவிட்ட இடம். நல்ல இடம், கரைக்குப் பக்கம், ஏலக்கூடத்துக்குப் பக்கம். அதைக் கேட்பதற்கென்றே இரண்டு மூன்று பேர் முன்னால் வந்து நின்றிருந்தார்கள். யாராவது கட்டினால் அடுத்த ஆனியில் தண்ணீர் மறுபடி முட்டித் திரும்பும்.

"முதல் இடம்..." என்றார்.

"தண்ணிக்குன்னு எழுதும் தலைவரே" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். "தண்ணி 'உண்டு'ன்னு சொல்லுமா டீச்சரே?"

"அதுக்கு வேண்டி நான் சொல்லுதேன். உண்டு."

கிறிஸ்துராசன் எழுதினார். முன்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். பிறகு அவர் பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார். "ஜெரினுக்குத் தெக்குப் பக்கம் ஒரு எடம் போடட்டா? ஒழிவு இருக்கு."

மறுபடி எனக்காக மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"வேண்டாம்" என்றேன். "அவன் வந்தா அவனே கேக்கட்டும்."

அடுத்த வீட்டின் பெயரை வாசித்தார்.